பிந்தி விழும் அடி

லீட்ஸ்
6 அக்டோபர் 1991

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான், கொலின், குட்டி ஃப்ரேயா மூவரும் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? நீங்கள் அனுப்பிய புகைபோட்ட மீன் பத்திரமாக வந்து சேர்ந்தது. தபால்காரர் பொட்டலத்தைக் கையை நீட்டிப் பிடித்தபடி வந்து, "உங்கப்பாவோட பாசம் தெருமுனையிலயே தெரிஞ்சுபோச்சும்மா" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதக் குழந்தைகளுக்குச் செய்யும் சோதனைக்காக நர்ஸம்மா வீட்டுக்கு வந்திருந்தார். ஃப்ரேயாவை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினார். வலப்பக்கம் ஆட்டியபோது குழந்தை சட்டென்று திரும்பினாள். இடப்பக்கம் ஆட்டியபோது என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஆட்டினார். மறுபடியும் பொத்தான்தான்.

டாக்டரிடம் போனோம். "குளிர்காலத்துல பாதிக் குழந்தைங்களுக்குக் காதுல சளி கட்டிக்கும்மா. குடும்பத்துல யாருக்காவது பிறவியிலயே காது மந்தம் உண்டுன்னா சொல்லுங்க, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிடறேன். இல்லேன்னா கோடை வரைக்கும் பாக்கலாம்" என்றார். பேச்சு வருவதற்கு முன்னால் தெரிந்துகொண்டால்தான் நல்லதாம். கொலின் வீட்டில் யாருக்கும் இல்லை. என் மாமியாருக்குப் பக்கத்து வீட்டு முணுமுணுப்புகூடக் கேட்கும். நம் பக்கம் கேட்க அம்மா இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு வரி போதும். அம்மா போனதும் ஃபோனை எடுத்துவிடச் சொன்னீர்களே, அது இருந்திருந்தால் இந்நேரம் கேட்டிருப்பேன்.

கொலின் ஒரு பத்திரிகை வாங்கி வந்திருக்கிறார். உங்கள் 'உப்புப் படிகள்' பாட்டு பதிவாகி இருபது வருஷம் ஆகிவிட்டதாம். நாலு மீசைக்காரர்கள் ஏன் தங்கள் குழுவுக்கு 'ஹெரிங் கேர்ள்ஸ்', மீன்காரப் பெண்கள், என்று பெயர் வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு பத்தி. உங்கள் முதல் அடிக்கு ஒன்றரைப் பக்கம். கிதார் தனியாக இறங்கி வரும்போது டிரம்ஸ் ஒரு இமைப்பொழுது பிந்தி விழுகிறதே, அது இருட்டில் இல்லாத படியில் கால் வைத்ததைப் போல இருக்கிறதாம். உலகத்தில் எத்தனையோ பேர் முயன்றும் அதே மாதிரி யாருக்கும் பிந்தத் தெரியவில்லையாம். படித்துவிட்டுச் சிரிப்பீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலை எதிர்பார்த்திருக்கும்,
லோர்னா


க்ராஸ்டர்
20 அக்டோபர் 1991

என் கண்ணு லோர்னாவுக்கு,

நலம். முட்டி மழைக்கு முந்திய நாளே வலிக்கத் தொடங்கிவிடுகிறது. வானொலிக்காரன் சொல்வதைவிட அது சரியாகச் சொல்கிறது. போன வாரக் காற்றில் கொட்டகைக் கூரையில் பாதி கடலுக்குப் போய்விட்டது. லீக் வெங்காயத் தண்டுகள் இந்த வருஷம் என் மணிக்கட்டு தடிமன். போட்டிக்குக் கொண்டுபோனேன், இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவன் அதற்கு என்ன ஊற்றுகிறான் என்று ஊருக்கே தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள்.

டெஸ் ரட்டர் ஞாயிற்றுக்கிழமை நாயோடு வந்தான். கிதாரைப் பிடிக்கிற கையால் இப்போது நாய்ச் சங்கிலியைப் பிடிக்கிறான். ஷீல்ட்ஸ் மீன்துறைக்கு இறங்கும் படிக்கட்டில், எங்கள் பாட்டுக்குப் பெயர் தந்ததே அதுதான், நகரசபை பித்தளைப் பலகை பதிக்கப் போகிறதாம். அடுத்த மே மாதம் விழா. நாங்கள் அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை வாசிக்க வேண்டுமாம். "நான் வரலை"ன்னேன். "ஏன்டா, இருவது வருஷத்துல குச்சி பிடிக்க மறந்துட்டியா?"ன்னான். "உன் மூஞ்சிய பாத்துக்கிட்டு வாசிக்கப் பிடிக்கலை"ன்னேன். கோபித்துக்கொண்டு போனான். நாய் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது.

நீ கேட்டதற்கு: நம் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை. சளியாகத்தான் இருக்கும். குழந்தையைக் காற்றில் கொண்டுபோகாதே.

முத்தங்களுடன்,
அப்பா


லீட்ஸ்
11 நவம்பர் 1991

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்குத்தான் சரியாகச் சாப்பிட்டேன். டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "அப்போ கோடை வரைக்கும் பொறுக்கலாம்" என்று சீட்டில் கோடு போட்டு முடித்துவிட்டார். நீங்கள் சுகமா? கூரைக்குத் தகடு போட்டாயிற்றா?

பொறுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் பொறுக்கத் தெரியவில்லை. ஃப்ரேயாவுக்குப் பின்னால் போய்ப் பாத்திர மூடியைத் தட்டுகிறேன், சாவியை ஆட்டுகிறேன். நேற்று கொலின் சமையலறைக்கு வந்து, "நம்ம வீட்டுல டிரம்ஸ் வாசிக்கறது மாமா மட்டும்தான்னு நெனச்சேன்" என்றார். சிரித்தேன். அவர் போனதும் அழுதேன். குழந்தை தூங்கிய பிறகுதான் எனக்கு எழுதக் கை ஒழிகிறது. அந்த நேரத்தில் எல்லாமே பெரிதாகத் தெரிகிறது. படித்த படிப்பு எதற்கும் உதவுவதில்லை.

கொலின் ஒன்று கேட்கச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு அந்த முதல் அடியைச் சொல்லித்தர மூன்று வாரமாக முயல்கிறார். "மாமா அதை எப்படித்தான் அடிச்சாரு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினாரா, எண்ணாம விட்டாரா?" இத்தனை வருஷத்தில் நான்கூட உங்களிடம் கேட்டதில்லை. எழுதுங்கள்.

கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வர வேண்டும். ரயிலடிக்குக் கொலின் வருவார்.

அன்பு மகள்,
லோர்னா


க்ராஸ்டர்
2 டிசம்பர் 1991

என் கண்ணு லோர்னாவுக்கு,

கூரை போட்டாயிற்று. நான் நலம். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். வான்கோழிக்குள் கொலின் எதையெல்லாம் திணிப்பான் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. என்றாலும் வருகிறேன். மேசையில் எனக்கு அந்த இடது ஓரம்தான், ஜன்னல் பக்கம். வெளிச்சம் வேண்டும்.

மாப்பிள்ளையிடம் சொல். ரகசியம் ஒன்றும் இல்லை. அது வேல்ஸில் ஒரு மாட்டுத்தொழுவம். மாடுகளை வெளியேற்றிவிட்டு ஒலிப்பதிவுக்கூடமாக்கியிருந்தார்கள். மழை நாளில் மாடுகள் திரும்பி வந்ததுபோல நாறும். என் டிரம்ஸ் சத்தம் மற்றவர்கள் மைக்கில் ஏறக்கூடாது என்று என்னை மட்டும் ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்தார்கள். அஞ்சல் பெட்டியின் வாய் அளவுக்கு அதில் ஒரு கண்ணாடி. தலையில் ஹெட்ஃபோன். ஒரு காதில் டெஸ்ஸின் கிதார் வரும், மறு காதில் பாட்டுக்காரன் வருவான். கிதார் நாலாவது முறை இறங்கும்போது நான் விழ வேண்டும்.

கண்ணாடியில் ஆவி படிந்துபோயிருந்தது. அதைத் துடைத்துத் துடைத்து டெஸ்ஸின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் இறங்கியது, அடித்தேன். அவ்வளவுதான். பதிவு செய்தவர் ஓடி வந்து, "ஏய் வில்ஃப், தூங்கிட்டியா? பிந்தி விழுந்துட்டே, இன்னொரு தடவை போவோம்" என்றார். டெஸ் கிதாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான் போக மாட்டேன். அது அப்படியே இருக்கட்டும்" என்றான். அது அப்படியே இருக்கிறது. தூங்கினேனா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடச் சொல்.

குழந்தைக்கு என் முத்தம். மூடியைத் தட்டாதே, அவள் பயந்துகொள்வாள்.

அப்பா


லீட்ஸ்
5 ஜனவரி 1992

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ரயிலில் கால் வீங்கவில்லையே? நீங்கள் போனதிலிருந்து ஃப்ரேயா அந்த ஜன்னலோர நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் கடிதத்தைக் கொலின் பண்டிகைக்கு முந்தியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டியிருக்கிறார். ஒரு பையன் கேட்டானாம்: "சார், காதுலதான் கிதார் வருதே, அப்புறம் எதுக்குத் தோளைப் பாக்கணும்?" கொலினுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை.

அப்பா, பண்டிகை அன்று நான் பார்த்ததை எழுதுகிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தீர்கள். ஃப்ரேயா உங்கள் இடது முழங்கைக்குப் பக்கத்தில் தொட்டிலில் கிடந்தாள். விழித்து அழுதாள். நான் கை மாவைக் கழுவிக்கொண்டு வந்து வாசலில் நின்றேன். அவள் முகம் சிவக்கச் சிவக்க அழுகிறாள், நீங்கள் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள். பிறகு தற்செயலாகக் குனிந்தீர்கள். பார்த்ததும் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, "அய்யோ என் செல்லம், எப்போ எழுந்தே?" என்று வாரி எடுத்தீர்களே, அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் மேட்டுக்கு நடந்துபோனோம். நான் எந்தப் பக்கம் வந்தாலும் நீங்கள் சுற்றிவந்து என்னை உங்கள் வலது கைக்கு மாற்றிக்கொண்டீர்கள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ரோட்டில் வண்டி வரும் பக்கம் என்னை விடாமல் இருக்கத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மேட்டில் ஏது வண்டி?

வாசலில் பண்டிகைப் பாட்டுப் பாட வந்தவர்கள் நின்றபோது நீங்களும் ஃப்ரேயாவும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்தீர்கள். கொலின்கூடச் சிரித்தார், "தாத்தாவும் பேத்தியும் தானியத்தைப் பாக்கற ரெண்டு கோழிங்க மாதிரி."

அக்டோபரில் கேட்டதையே மறுபடி கேட்கிறேன். ஒரு வரி போதும்.

லோர்னா


லீட்ஸ்
9 பிப்ரவரி 1992

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? ஜனவரியில் எழுதினேனே, வந்ததா? நாளைக்கு ஃப்ரேயாவுக்கு ஒரு வயது முடிகிறது. பக்கத்து வீட்டுப் பையன் இந்த வயதில் மூன்று வார்த்தை சொன்னானாம். இவள் 'ப' என்கிறாள். பந்தா, பாலா, தெரியவில்லை.

நான் கோபமாக இல்லை. எழுதுங்கள்.

லோர்னா


நார்த் ஷீல்ட்ஸ்
1 மார்ச் 1992

லோர்னா கண்ணு,

எனக்குக் கடிதம் எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன், படிச்ச பொண்ணு நீ திருத்திக்கோ. நானும் நாயும் சுகம். உங்கப்பனைப் பத்திக் கேட்டு எழுதியிருந்தே. அவன் நல்லாத்தான் இருக்கான். ரெண்டு வேளை சாப்பிடறான், மூணு வேளை என்னைத் திட்டறான். உன் கடிதம் ரெண்டும் கடிகாரத்துக்குப் பின்னால நிக்குது. எடுத்துப் படிக்கறான், மறுபடி வெக்கறான். "பதில் எழுதுடா"ன்னா, "உன் வேலையைப் பாரு"ங்கறான்.

நீ கேட்டதை நான் அவன்கிட்ட இதுவரைக்கும் கேட்டதில்லை. அவனும் என்கிட்ட சொன்னதில்லை. அதனால எனக்குத் தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது. என்னைப் பத்தி வேணா ஒண்ணு சொல்றேன்.

நான் கிதார் வாசிக்கறப்ப வலது தோளை இறக்கி இறக்கி ஏத்துவேன்ல, கெணத்துல வாளி விடற மாதிரி? அதைப் பத்தி எழுதாத பத்திரிகை இல்லை. 'ரட்டரின் தோள்'னு பேரே வெச்சானுங்க. இப்பவும் எந்த ஊர்லயாவது பதினாறு வயசுப் பய கிதாரை மாட்டினான்னா முதல்ல தோளைத்தான் ஆட்டறான், அப்புறம்தான் சுருதி சேக்கறான். எதுக்கு ஆட்டறோம்னு அவனுக்குத் தெரியாது. ஸ்டைல்னு நெனச்சுக்கறான்.

ஆரம்பத்துல நான் ஆட்டினதே இல்லை, கண்ணு. மரக்கட்டை மாதிரி நிப்பேன். சேந்து வாசிக்க ஆரம்பிச்ச முதல் வருஷம் ஒரு மதுக்கடையில விளக்கு அணைஞ்சுபோச்சு. கூட்டம் கத்துது. நாங்க வாசிச்சுக்கிட்டே இருந்தோம், வில்ஃப் மட்டும் நின்னுட்டான். விளக்கு வந்ததும் அவன் என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தேன். மறுநாள்லேருந்து தோளை ஆட்ட ஆரம்பிச்சேன். பதினோரு வருஷம் ஆட்டினேன். யாருக்காக ஆட்டறேன்னு யாரும் கேக்கலை. மாட்டுத்தொழுவத்துல அந்தக் கண்ணாடிக்கு நேரா நின்னு ஆட்டினேன். அந்த அடி பிந்தித்தான் விழுந்துச்சு. ஆனா எனக்குப் பிந்தி விழுந்துச்சுன்னு தோணலை. என்னைப் பாத்துட்டு வந்துச்சுன்னு தோணுச்சு. அதான் கிதாரைக் கழட்டி வெச்சேன்.

இப்ப எனக்கு வலது தோளுதான் போயிடுச்சு, டாக்டர் ஊசி போடறார்.

உன் குட்டிக்கு என் ஆசிர்வாதம். நான் எழுதினேன்னு அவன்கிட்ட சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை.

டெஸ் மாமா


லீட்ஸ்
8 மார்ச் 1992

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் தோட்டத்தில் நாற்று விட்டாயிற்றா?

நான் டாக்டரிடம் மறுபடி போனேன். "எங்க குடும்பத்துல உண்டு" என்று சொன்னேன். யார் என்று கேட்டார், "கேட்டு எழுதறேன்" என்றேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஏப்ரல் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். தூங்கும்போது தலையில் ஒயர் ஒட்டிப் பார்ப்பார்களாம். வலிக்காதாம்.

இனி பழைய கேள்வியைக் கேட்க மாட்டேன். வேறு கேள்விகள் இருக்கின்றன. இவளை மேசையில் எந்தப் பக்கம் உட்கார வைக்கட்டும்? தள்ளுவண்டியில் போகும்போது எந்தப் பக்கமாகக் குனிந்து பேசட்டும்? நாளைக்குப் பள்ளிக்கூடம் போனால் வகுப்பில் எங்கே இடம் கேட்கட்டும்? தெரிந்தவர் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள்,
லோர்னா


க்ராஸ்டர்
19 மார்ச் 1992

என் கண்ணு லோர்னாவுக்கு,

நாற்று விட்டாயிற்று. முட்டி பரவாயில்லை.

மேசையில் இடது ஓரம். எல்லோரும் அவளுக்கு வலப்பக்கம் வருவார்கள். வட்ட மேசை வாங்காதே, அதில் ஓரமே கிடையாது. படுக்க வைக்கும்போது வலது காது தலையணையில் அமுங்கினால் நிம்மதியாகத் தூங்குவாள், ஆனால் நீ கூப்பிட்டால் தெரியாது. அப்போது கட்டிலைத் தட்டு, மரம் சொல்லும். பின்னாலிருந்து தூக்காதே. முன்னால் வந்து முகத்தைக் காட்டிவிட்டுத் தூக்கு. இருட்டில் பேசாதே, விளக்கைப் போட்டுவிட்டுப் பேசு. பாதிப் பேச்சு உதட்டில்தான் இருக்கிறது. மீசைக்காரர்கள் பேசுவது புரியாது. மாப்பிள்ளையை மீசை வளர்க்க விடாதே.

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தால் அவளும் சிரிப்பாள். எதற்குச் சிரித்தோம் என்று அவளுக்குத் தெரியாது. அதை மட்டும் கவனி. சிரித்த பிறகு அவள் காதோரம் போய் அந்த வேடிக்கையை மறுபடி சொல். எரிச்சல் படாமல் சொல். உன் அம்மா சொல்வாள்.

வகுப்பில் முன் வரிசை, இடது சுவரோரம். டீச்சரிடம் முதல் நாளே சொல்லிவிடு, அவளையும் வைத்துக்கொண்டே சொல். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை என்று மந்தப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் போட்டார்கள். அங்கே உட்கார்ந்தால் கேட்கிறதும் கேட்காது. கற்றுக்கொண்டது எல்லாம் பெஞ்சில் தாளம் போட மட்டும்தான், அது கைக்கே தெரியும். அந்தக் கடைசி வரிசை என் பேத்திக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். வாயைத் திறக்காமல் இருந்தால் வராது என்று நினைத்தேன்.

ஏப்ரலில் நானும் வருகிறேன். குடும்பத்தில் யார் என்று கேட்பார்கள். காகிதத்தில் ஒரு பெயர் எழுத வேண்டியிருக்கும்.

அப்பா


லீட்ஸ்
3 மே 1992

அன்புள்ள டெஸ் மாமாவுக்கு,

ஊசி போட்ட பிறகு தோள் எப்படி இருக்கிறது? நாய் சுகமா? அப்பா இன்னும் இங்கேதான் இருக்கிறார். விழாவுக்கு நேராக இங்கிருந்தே வருவோம்.

ஆஸ்பத்திரி விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஃப்ரேயாவுக்கு இடது காதில் ஒன்றும் இல்லை. வலது காது இருக்கிறது, ஆனால் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. அடுத்த வாரம் அதற்கு ஒரு கருவி கொடுக்கிறார்கள், கடலைப் பருப்பு அளவுதான். பேச்சு வரும் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். "குளிர்காலத்துக்கு முந்தியே வந்திருந்தா இன்னும் நல்லது" என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார். அவர் அப்பாவுக்கு இடப்பக்கம் நின்றிருந்தார். அப்பா திரும்பவில்லை. நானும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

குடும்பத்தில் யார் என்று கேட்டதும் அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "வில்ஃப்ரெட் ஹெஸ்லொப். ரெண்டு 'எஸ்' போடாதீங்க, ஒண்ணுதான்" என்றார். அவரையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். நான் வெளியே ஃப்ரேயாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டிய நொடியில் அவர் தலை நிமிர்ந்து கண்ணாடியைத் தேடியது.

வலது காதில் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்த பிறகு, கேட்கிறது என்று சில தடவை பொத்தானை அழுத்தினார். பிறகு நெடுநேரம் கை சும்மா இருந்தது. சோதனை செய்த பெண் ஒரு பக்கத்தை விலக்கி, "இடது பக்கம் ஏதாவது வந்துச்சா சார்?" என்று கேட்டாள்.

"அந்தப் பக்கம் டெஸ் வரணும். அவன் எப்பவும் வந்ததில்லை."

"யாரு சார் டெஸ்?"

"அது ஒரு தோளும்மா" என்றார் அப்பா.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உங்கள் கடிதத்தைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, மாமா.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, "படிக்கட்டு விழாவுல வாசிக்கறேன்னு அவன்கிட்ட எழுதிடு. வலிக்குது கிலிக்குதுன்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னான்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்" என்றார். எழுதிவிட்டேன்.

அன்றைக்கு ஃப்ரேயாவை டிரம்ஸுக்குப் பக்கத்தில், அப்பாவின் முட்டியோரம் உட்காரவைக்கப் போகிறேன், உங்களுக்கு நேர் எதிரே. டாக்டரிடம் கேட்டு அவளுக்குக் காதுமூடி வாங்கியிருக்கிறேன். ஊசி ஒன்று கூடப் போட்டுக்கொண்டாவது தோளை நன்றாக இறக்கி வாசியுங்கள். இந்தத் தடவை அதைப் பார்க்க இரண்டு பேர் இருப்பார்கள்.

அன்புடன்,
லோர்னா